தானம் தந்தவரை மறக்கும் சட்டம்

ஹைதராபாத் சரூர்நகரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் 2025 ஜனவரியில் நடத்தப்பட்ட சோதனையில், சட்டவிரோத சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை அம்பலமானது. அங்கு சிறுநீரகம் கொடுத்திருந்த இரு பெண்களும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். பலர் கைது செய்யப்பட்டனர். வழக்கு சிஐடி வசம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், மத்திய உறுப்பு மாற்றுச் சட்டத்தை ஏற்கும் தீர்மானத்தைத் தெலுங்கானா சட்டப்பேரவை நிறைவேற்றியது.

உறுப்பு வணிகத்திற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வளவு கடுமையானது. ஆனால் சட்டத்தின் கவனம் பெரிதும் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய அனுமதியோடு நின்றுவிடுகிறது. தந்தவரின் உடல்நிலை அதன்பின் என்னவாகிறது என்பதே கேட்கப்படாத கேள்வி.

ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டதும் எஞ்சியது கூடுதல் சுமையை ஏற்கிறது. மொத்த வடிகட்டும் திறன், முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் நிலைபெறுகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின், யூரிக் அமில அளவுகள் சற்றே உயர்கின்றன. ஆரோக்கியமான பெரும்பாலோருக்கு இதனால் இடர் இல்லை. எனினும் ஆபத்து அறவே இல்லை என்று கூற முடியாது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, 15 ஆண்டுகளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோர், தானம் அளித்த 10 ஆயிரம் பேரில் சுமார் 31 பேர்; தானம் அளிக்காத ஆரோக்கியமானவர்களில் சுமார் 4 பேர்.

இதில் ஏழைகளுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சத்துக்குறைவால் மெலிந்தவரின் உடலில் அது குறைவாகவே உருவாகும். சிறுநீரகத் திறன் சரிந்திருந்தாலும் பரிசோதனைத் தாளில் "இயல்பு" என்றே வரக்கூடும். எனவே ஒற்றை எண்ணை நம்பாமல், தானத்திற்கு முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் சிஸ்டாட்டின்-சி பரிசோதனையும் தேவை.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு அன்றே எச்சரித்தது. 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றனர். 86 சதவீதத்தினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது.

சட்டப்படி உறவினருக்குத் தருவோரையும் இப்பிரச்சனை விட்டுவைக்கவில்லை. 2023இல் நாட்டில் உயிருடன் உறுப்பு தந்தவர்களில் 9,784 பேர் பெண்கள். ஆண்கள் 5,651 பேர் மட்டுமே. கணவனுக்கும் மகனுக்கும் தந்துவிட்டு, தன் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை இழக்கத் தயங்கும் பெண்ணை யார் தேடிச் செல்வது?

அமெரிக்காவில் தானம் தந்தவரின் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரத அளவுகளை 6 மாதம், ஓராண்டு, ஈராண்டு முடிவில் மருத்துவமனைகள் தேசிய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கும் தில்லியில் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு உள்ளது. மருத்துவமனைகளின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஏற்பாடும் உள்ளது. தானம் தந்தவர்களின் தொடர் பரிசோதனை விவரங்களை அளிக்காத மருத்துவமனைக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கு ஆயுள் முழுவதும் இலவசப் பரிசோதனை உறுதி செய்யப்பட வேண்டும். ஏமாற்றப்பட்டு சிறுநீரகத்தை இழந்தவர்களுக்கும், வழக்குக்கு அஞ்சாமல் வந்து செல்லும் வகையில், இந்த உரிமை வேண்டும். இவை எளிய பரிசோதனைகளே. மத்திய, மாநில அரசுகள் நிதியைக் காரணம் காட்ட இயலாது.