யாரைக் கேட்டு எடுத்தீர்?

சர்வகலாசாலை ஆய்வுகூடங்களிலே ஒரு முணுமுணுப்பு உண்டு. "நாங்கள் கண்ணாடிக் குழாயோடு வேலை செய்பவர்கள். எங்களுக்கு எதற்கு நெறிமுறைப் பயிற்சி? எதற்கு அநுமதிக் குழு? மாதங்கள் வீணாகின்றன" என்பது. ஐயா, குழாயிலுள்ள இரத்தம் ஆகாயத்திலிருந்து சொட்டியதன்று. அது ஒருவன் கையிலிருந்து வந்தது.

இந்நாட்டுச் சரித்திரத்தையே பார்ப்போம். நூறாண்டுகளுக்கு முன்னர் மலாயாவில் பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் சுரங்கக் கூலிகளையும் சிறைவாசிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. தீட்டிய பச்சரிசியை உண்ட சீனரிடையே அது மிகுதி. புழுங்கலரிசியை உண்ட தமிழரிடையே அரிது. நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் இதனைக் கண்டு, அரிசியே காரணமென்று வாதித்தார். (நம் பாட்டிமார் நெல் அவித்த பானைக்கு விஞ்ஞானத்தில் இவ்வளவு மதிப்பு உண்டென்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

இதைச் சோதிக்க, வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர் 1905 டிசம்பரில் கோலாலம்பூர்ப் பைத்தியக்கார விடுதியைத் தேர்ந்தார். அங்கிருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்காரருக்குச் சீயத்துப் பச்சரிசி; இரட்டை எண்காரருக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஓராண்டுக்கு மேல் நடந்த பரீட்சையில், பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மற்றைப் பக்கத்தில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. 1907-ல் முடிவு 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலுபுவில் சாலைவேலை செய்த சுமார் 300 ஜாவானியரை வைத்து இதையே சோதித்தனர்.

பிளெட்சர் கொடியவரல்லர். பச்சரிசி அவ்விடுதியில் அதற்கு முன்னரும் வழங்கிய உணவே. பரீட்சையின் பயனாகப் பிற்காலத்தில் பிழைத்தோர் பல்லாயிரவர். அதனால் என்ன? வரிசையில் நின்றவனை ஒருவர் கேட்டாரா? "எனக்கு மற்ற அரிசி வேண்டும்" என்று சொல்ல அவனுக்கு வாயிருந்ததா? பூட்டிய கதவுக்குள் இருப்பவனைத் தேடிப் போனதே அவன் மறுக்க மாட்டான் என்பதனால் அன்றோ!

கதவு பூட்டாத இடத்திலும் மறுக்க இயலாதவர் உண்டு. கியா பார்ம் பக்கத்து மலைச்சரிவுகளில் தேயிலையும் காய்கறியும் விளைகின்றன. பூச்சிமருந்து தெளிப்பவர் பலர். அவர்கள் இரத்தத்தை ஒரு சர்வகலாசாலை சோதிக்க விரும்பின், அது நல்ல காரியமே. ஆனால் எப்படிக் கேட்பார்கள்? துரையிடம் கடிதம், கிராணியிடம் பட்டியல், காலைப் பெரட்டில் நிற்பவனிடம் தண்டல், "கையை நீட்டு" என்பான். அவனும் நீட்டுவான். நாளை வேலை வேண்டுமே! பிறகு, எழுத்தறியாத மொழியில் அச்சான ஒரு தாளில் பெருவிரல் ரேகை. இதற்குச் 'சம்மதம்' என்று பெயர்!

துரை கொடுப்பது தோட்டத்துக்குள் நுழையும் அநுமதி. தொழிலாளியின் உடலுக்குள் நுழையும் அநுமதியைக் கொடுக்க அவருக்கு என்ன பாத்தியதை? 1947-ல் நியூரம்பர்க்கில் நாஜி வைத்தியரை விசாரித்த நீதிமன்றம் வகுத்த விதிகளில் முதலாவது, சோதிக்கப்படுபவனின் சுயேச்சையான சம்மதம். 1964-ல் தோன்றிப் பலமுறை திருத்தப்பெற்ற ஹெல்சிங்கிப் பிரகடனமோ, நோயாளி தம் வைத்தியரை அண்டியிருப்பவராயின் வேறொருவரே சம்மதம் கேட்கவேண்டும் என்கிறது. வைத்தியருக்கே இக்கட்டு என்றால் தண்டலுக்கு எத்தனை மடங்கு!

ஆதலால் நெறிமுறைக் குழுவினர் தாளில் கையெழுத்து உண்டா என்று பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. நேப்பாளிக்கு நேப்பாளியிலும், வங்காளதேசத்தாருக்கு வங்காளியிலும், தமிழருக்குத் தமிழிலும் வாசித்துச் சொன்னவர் யார்? அவர் தோட்டத்துச் சம்பளம் வாங்குபவரா? பெரட்டுக்கு வெளியே, லயத்தில் ஆறுதலாக உட்கார்ந்து கேட்டாரா? வேண்டாமென்றவர் எத்தனை பேர்? ஒருவர்கூட மறுக்கவில்லையென்று அறிக்கை வந்தால், அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பி, குழுவினர் தாமே மலையேறி வந்து விசாரிக்கட்டும். இரத்தத்தில் நஞ்சு கண்டால் அச்செய்தி முதலில் யாரிடம் போகும், இரத்தம் கொடுத்தவனிடமா, துரையின் மேசைக்கா என்பதையும் ஊசி ஏற்றுமுன் எழுதி வாங்கட்டும்.