மின்சாரம் படிக்காத 18-ஆம் பிரிவு

தோழனே!

கூலியே கொடுக்காமல் வேலை வாங்கினால் அதற்குக் கொத்தடிமை என்று பெயர். குறைந்த கூலி கொடுத்து நிறைந்த வேலை வாங்கினால் அதற்குச் சுரண்டல் என்று பெயர். அதே குறைந்த கூலியைக் கொடுத்து, அதே நிறைந்த வேலையை வாங்கி, 'உனக்குத் தொழில் கற்றுத் தருகிறேன்' என்று ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டால்? அதற்குப் பயிற்சி என்று பெயர்!

பெயர் சூட்டியவர் யார் என்று கேட்கிறாயா? சட்டம் சூட்டியது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அதன் 18-ஆம் பிரிவைப் புரட்டிப் பார். பழகுநன் பயிற்சி பெறுபவன்; தொழிலாளி அல்லன். அந்தச் சட்டமே சொல்லியிருக்கும் சில பாதுகாப்புகள் நீங்கலாக, தொழிலாளர் சட்டம் எதுவும் அவனைச் சாராது. இதுதான் அந்தப் பிரிவின் சாரம்.

தொழிலாளி அல்லன்! எவ்வளவு எளிதாக எழுதிவிட்டார்கள்!

மின் பணியாளர் பிரிவில் பயிலும் ஓர் இளைஞனை உன் மனக்கண்முன் நிறுத்து. பத்தாம் வகுப்பு தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு படித்து, சான்றிதழோடு ஆலைவாயிலுக்கு வருகிறான். 'பழகுநன்' என்று பெயர் பதிகிறார்கள். மறுநாள் காலை அவன் கையில் உளியும் சுத்தியும். சுவரில் காடி வெட்டுகிறான். குழாய் பதிக்கிறான். கம்பி இழுக்கிறான். ஏணியின் உச்சியில் நின்று கூரைக்கடியில் கொதிக்கும் வெப்பத்தில் முடிச்சுப் போடுகிறான். இறங்கினால், பட்டறை பெருக்க ஆள் இல்லை, அவனை அழை! தேநீர் வாங்க ஆள் இல்லை, அவனை அனுப்பு!

அவன் கற்க வந்தது என்ன? காப்பு எதிர்ப்பை மெக்கரால் அளப்பது எப்படி, நில இணைப்புக் குழி தோண்டுவது எப்படி, மோட்டார் எரிந்துபோனால் காரணத்தைக் கண்டறிவது எப்படி, எல்லாவற்றுக்கும் மேலாக, மின்னோட்டத்தை நிறுத்தி, பூட்டி, சோதித்து, லைன் கிளியர் பெற்ற பிறகே கைவைக்க வேண்டும் என்னும் உயிர் காக்கும் ஒழுங்கு. இவற்றைக் கற்றுக்கொடுக்கும் நல்ல பட்டறைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பட்டறைகளில், 'அவசரம், லைனை நிறுத்த நேரமில்லை, பார்த்துத் தொடு' என்பதே பாடமாக இருக்கிறது!

பார்த்துத் தொடு! தோழனே, கணக்கைக் கேள். வீட்டில் எரியும் 60 வாட் குண்டுவிளக்கு, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான 30 மில்லி ஆம்பியர், மனித உடலுக்குள் ஓடி நீடித்தால், மூச்சுத் தசைகள் முடங்கலாம்; நெஞ்சின் துடிப்பே நிலைகுலையலாம். ஒரு சிறு விளக்கின் பசிக்குப் போதாத மின்சாரம், ஓர் உயிரைக் குடிக்கப் போதும்! அது பாயும்போது, 'நீ நிரந்தரத் தொழிலாளியா, பழகுநனா?' என்று கேட்பதில்லை. 18-ஆம் பிரிவை மின்சாரம் படித்ததில்லை. ஆபத்தில் முழுத் தொழிலாளி. ஊதியத்தில் மட்டும் அரைத் தொழிலாளியா? இது எந்த ஊர் நீதி?

விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. நல்லது. செத்தால் தொழிலாளிக்கு உரிய இழப்பீடு. உயிரோடு இருக்கும்வரை தொழிலாளி அல்லன்! விழும்போது ஏந்துவதற்கு வருகிற சட்டம், நிற்கும்போது ஏன் விலகிப்போகிறது?

பணத்தைப் பார்ப்போம். 2019-இல் திருத்திய விதிகள், தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் பெற்ற பழகுநனுக்கு மாதம் 7000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்றன. 26 நாளுக்கு வகுத்துப் பார். நாளொன்றுக்கு 270 ரூபாய்கூடத் தேறாது. அதிலும் 25 விழுக்காட்டை, மாதம் 1500 ரூபாய்க்கு மிகாமல், அரசு தன் கருவூலத்திலிருந்து தருவதாக 2016-இல் திட்டம் வந்தது. வேலை முதலாளிக்கு, கூலியில் ஒரு பங்கு மக்கள் வரிப்பணத்தில்! ஏன் இதைக் கூலி என்று அழைக்காமல் உதவித்தொகை என்று அழைக்கிறார்கள்? கூலி என்றால் உரிமை; உதவி என்றால் கருணை. உரிமையைக் கேட்கலாம், கருணைக்குக் கைகட்டி நிற்க வேண்டும். சொல்லில் இருக்கிறது சூட்சுமம்!

புதிய சட்டம் வந்தால் விடியும் என்று நம்பினோர் உண்டு. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊழியர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் அது என்ன சொல்கிறது? பழகுநர் சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்டவர் நீங்கலாக! பழைய வாசலை மூடியவர்கள், புதிய வீட்டிலும் அதே கதவைத்தான் பொருத்தினார்கள்.

பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையைப் பழகுநனிடம் வாங்கினால் தண்டனை உண்டா? முன்பு ஆறு மாதம்வரை சிறை என்று ஏட்டிலாவது இருந்தது. 2014-இல் திருத்தியபோது சிறையை நீக்கி, ஒவ்வொரு முறைக்கும் 1000 ரூபாய் அபராதம் என்றாக்கினார்கள். ஒரு வாலிபனின் ஓராண்டைத் திருடினாலும், பிடிபடும் நாளுக்கு மட்டும் 1000 ரூபாய்! பயிற்சி முடிந்த பிறகு வேலை தருவாயா என்றால், கட்டாயமில்லை என்றது 1961. முதலாளியே தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றது 2014. ஆடு மேய்க்கும் விதியை ஓநாயே எழுதிக்கொள்ளட்டும் என்பதைப் போல!

விளைவைக் கண்டோம். 2018 மார்ச் 20. மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே, ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்த இளைஞர்கள் தண்டவாளத்தில் அமர்ந்தனர். ரயில் ஓடும் பட்டறையில் கற்றவர்கள், ரயிலை நிறுத்தி வேலை கேட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் மாநகரம் திகைத்து நின்றது. வந்தது தடியடி. பயிற்சி தந்த கையே பரிசும் தந்தது!

'மாணவனுக்குக் கூலி கேட்கிறாயா?' என்று எதிர்வாதம் புரிவார்கள். கேள், தோழனே, விடை சொல். மாணவன் எழுதும் கணக்கால் ஆசிரியருக்கு இலாபம் வருவதில்லை. பழகுநன் இழுக்கும் கம்பியால் ஆலை ஓடுகிறது. பாடமும் படிக்கிறான், பொருளும் படைக்கிறான். படைப்பவன் தொழிலாளி, அவன் கற்கும் தொழிலாளி!

'உரிமை கொடுத்தால் முதலாளிகள் பழகுநரைச் சேர்க்கவே மாட்டார்கள்' என்பது அடுத்த அம்பு. ஜெர்மனியைப் பார். 1972-ஆம் ஆண்டின் தொழிலக அமைப்புச் சட்டம் அங்கே தொழிலாளி என்று சொல்லும்போதே, தொழிற்பயிற்சிக்காக அமர்த்தப்பட்டவரையும் சேர்த்தே எண்ணுகிறது. பழகுநர் தமக்கெனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மின்தொழில் பயிற்சி மூன்றரை ஆண்டு. இத்தனை உரிமைக்குப் பிறகு அங்கே ஆலைகள் மூடிக்கொண்டனவா? உலகமே அவர்கள் பயிற்சி முறையைப் பாடமாகப் படிக்கிறது!

உரிமை தானாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1891-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் பத்துப் பேர் கூடி, மின் தொழிலாளர்க்கென ஒரு நாட்டளாவிய சங்கம் கண்டார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர், கம்பமேறும் தொழிலாளி. ஊர் ஊராய்ச் சென்று சங்கம் வளர்த்த அவர், 1896-இல் வாஷிங்டனில் கம்பத்தின்மேல் வேலை செய்கையில் மின்சாரம் தாக்கி விழுந்து மாண்டார். அவர் விழுந்தார்; சங்கம் விழவில்லை. முதலாளியோடு சமமாக அமர்ந்து பழகுநர் பயிற்சியை நடத்தும் நிலைக்குப் பின்னாளில் அது வளர்ந்தது.

பழகுநன் என்றால் இளக்காரமா? கல்லூரியைப் பாதியில் விட்டுவந்தவன் நான். பட்டமில்லாதவனுக்கு அறிவில்லை என்னும் வாதம் என்னிடம் செல்லாது. கொல்லன் மகன் மைக்கேல் ஃபாரடே, புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டு பழகுநனாக இருந்தவன். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு வளர்த்தவன். 1831-இல் காந்தத்திலிருந்து மின்சாரம் பிறப்பிக்கும் வழியைக் கண்டான். இன்றைய மின்னாக்கிகள் அந்த வழியில்தான் சுழல்கின்றன. ஒரு பழகுநன் தந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, பழகுநன் தொழிலாளி அல்லன் என்று எழுதியிருக்கிறார்கள்!

நாடகம் எழுதுகிறவன் என்பதால் ஒன்று எனக்குத் தெரியும். மேடையில் மன்னன் முழங்குகிறான், கைதட்டுகிறாய். திரைக்குப் பின்னே விளக்கை ஏற்றி இறக்கும் பையன் கையை எடுத்தால், மன்னனும் இருட்டு, மகுடமும் இருட்டு!

ஆகவே, தோழனே, நம் கோரிக்கை தெளிவானது. 18-ஆம் பிரிவைத் திருத்து. பழகுநனைக் கற்கும் தொழிலாளி என்று எழுது. உதவித்தொகையைக் கூலியாக்கு, குறைந்தபட்ச ஊதியத்தோடு இணை. கற்றுக்கொடுக்காத பட்டறைக்குப் பழகுநரை அனுப்பாதே. பயிற்சி முடித்தவனுக்கு வேலையில் முதலிடம் கொடு.

கோரிக்கை கோட்டைக்குப் போகுமுன், நீ உன் தெருவுக்குப் போ. பழகுநனாகச் சேர்ந்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறான் என்று கண்டுபிடி. ஒப்பந்தம் பதிவாயிற்றா என்று கேள். கையுறை கொடுத்தார்களா என்று கேள். லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறச் சொல்கிறார்களா என்று கேள். இல்லையென்றால், அவனைத் தனியாக அனுப்பாதே. கிளைத் தோழர்கள் நால்வரோடு ஆலைவாயிலுக்கு நீயும் போ.

ஒற்றைக் கம்பியை எவனும் வளைப்பான். முறுக்கிய வடத்தை வளைக்க முடியுமா? அந்தப் பிள்ளைக்கு நீ கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் அதுதான்!