சத்துக் குளிசையும் மருந்துதான்

போன மாசி மாதம் ஒரு காலமை, ஸ்கூட்டியில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன். முன்னால பஸ் நிற்கிறதைக் கண்டு பிரேக் பிடிக்கேக்க, அதுக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டிருக்கிறன்.

வீட்டுக்கு வந்து யோசித்தன். முதல் நாள் இரவு தும்மலுக்கு ஒரு பிரிட்டன் போட்டனான். அதோட, கனடாவில இருந்து மாமி அனுப்பின போத்தலில ரெண்டு ‘விற்றமின்’ கம்மி. போத்தலைத் திருப்பிப் பார்த்தால், விற்றமின் பி6க்குக் கீழே சின்ன எழுத்தில மெலடோனின். அது நித்திரைக்கு எடுக்கிற சாமான். பிரிட்டனும் நித்திரை வரப்பண்ணும். அந்த மந்தம் அடுத்த நாளும் நீடிக்கலாம். ரெண்டையும் சேர்த்து விழுங்கிப்போட்டு, உடம்புக்குச் சத்து எடுத்ததா நினைச்சிருக்கிறன்.

“என்ன மருந்து எடுக்கிறீங்கள்?” என்று டொக்டர் கேட்டால் நாங்கள் சத்துக் குளிசையைச் சொல்வதில்லை. “அது விற்றமின்தானே!” இந்த ‘தானே’தான் பிரச்சினை.

வீணாகப் பயப்படவும் தேவையில்லை. செற்றிரிசின், லொராட்டடின் போன்ற அலர்ஜிக் குளிசைகளோடு வழமையான அளவில் விற்றமின் சி, டி, பி எடுப்பதால் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு.

பெக்ஸோபெனடின் எடுப்பவர்கள் அதைத் தண்ணீரோடுதான் விழுங்க வேணும். தோடம்பழ, அப்பிள் சாறுகள் அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வயிற்றெரிவுக்கு எடுக்கும் அலுமினியம், மக்னீசியம் சேர்ந்த மருந்துகளும் அப்படித்தான். இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விட வேணும். மக்னீசியம் சத்துக் குளிசை எடுப்பவர்களும் பாமசியில் கேட்டே நேரத்தை முடிவெடுப்பது நல்லது.

தடிமன் குளிசைகள் பலவற்றில் பிரிட்டனில் உள்ள அதே குளோர்பெனிரமின் இருக்கிறது. இரண்டையும் போட்டால் ஒரே மருந்தை இரண்டு தரம் போட்ட கணக்கு. விற்றமினிலும் இந்தக் கணக்கு உண்டு. மல்டிவிற்றமினிலும் டி, தனிக் குளிசையிலும் டி. வளர்ந்தவருக்கு ஒரு நாள் மேல் எல்லை 4000 ஐ.யு. என்கிறார்கள். மிஞ்சினது சிறுநீரோடு போய்விடாது, உடம்பிலேயே சேரும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும். எங்கட ஊர் கிளினிக்குகளில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு ‘காலை 1, இரவு 1’ என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். பெயர் தெரியாத குளிசையை வேறு எதோடு சேர்க்கலாம், சேர்க்கக்கூடாது என்று நாங்கள் எப்படி அறிவது? “பெயரையும் எழுதித் தாங்கோ” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அது எங்கட உரிமை. வீட்டில உள்ள போத்தல்களின் லேபிளைப் போனில படம் எடுத்து வைத்திருந்து டொக்டரிட்டக் காட்டுங்கோ. முக்கியமா அம்மம்மா, அப்பப்பாவின்ர போத்தல்களை.

முகம், தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் குளிசையும் வேண்டாம், விற்றமினும் வேண்டாம். உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

மாமியிட்டயும் சொன்னன். “அது வெறும் விற்றமின் தானேடா” என்றா. லேபிளைப் படம் எடுத்து அனுப்பினன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு கேட்டா: “அப்ப நான் பிரஷர் குளிசையோட எடுக்கிறது?”

டொக்டரிட்டக் கேக்கச் சொல்லியிருக்கிறன்.