நிழலும் காற்றும் தனவந்தர் சொத்தா?

இயற்கைக்கு இசைந்த மாளிகைகளைப் பத்திரிகைகள் வானளாவப் புகழ்கின்றன. புகழட்டும், அவற்றின் இரகசியம் யாதென நாமும் ஆராய்வோம்.

1985-ம் ஆண்டில் அம்பாங்கில் கட்டடக் கலைஞர் கென் யாங் தமக்கென ஓர் இல்லம் அமைத்தார். வீட்டின்மேல் குடைபோல் மற்றொரு கூரை; அதன் சாய்வுப் பட்டைகள் காலை இளவெயிலை அனுமதித்து நண்பகல் வெயிலைத் தடுக்கும். காற்று குளத்தைத் தழுவிக் குளிர்ந்து உட்புகும்.

நன்று! ஆயினும் இவ்வறிவு பழமையானது. மலாய்க் கம்பத்து வீடு தூண்மேல் நின்று ஈரத்தைத் தவிர்த்தது. அகன்ற சன்னலால் காற்றை அழைத்தது. அத்தாப்புக் கூரையால் வெக்கையை விலக்கியது. தோட்டத்துத் துரையின் பங்களாவும் அவ்வாறே குன்றின்மேல் தாழ்வாரத்துடன் எழுந்தது. தொழிலாளிக்குப் பல தோட்டங்களில் கிடைத்ததோ தகரக் கூரை வேய்ந்த லயம்! கிராணி வேலையில் இரண்டினுள்ளும் நாம் புகுந்ததுண்டு. வாசற்படியிலேயே வேற்றுமை விளங்கும்.

“செலவு மிகும்” என்பர் சிலர். காற்றுக்குக் கூலி உண்டோ? நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குமாறு வீட்டை அமைத்தால், காலை மாலை வெயில் சுடுவது குறையும். மனையில் வீட்டைத் திருப்பி வைக்கப் பணம் எதற்கு?

நம்மவரோ மனைகோலுமுன் சோதிடரை அழைக்கின்றனர். சூரியன் செல்லும் வழியைப் பார்ப்பதில்லை. பின்னர்க் குளிர்சாதனத்துக்கு மாதந்தோறும் தண்டம் கட்டுகின்றனர்!

தோழர்களே! தோட்டத்தைவிட்டு மாற்றுவீடு பெறும் நாளில், அறைகள் எத்தனை என்பதோடு நில்லாதீர். காற்று எவ்வழி வரும் எனவும் கேளுங்கள். விடைகூற இயலாதவன் நீட்டும் தாளில் கையொப்பம் இடாதீர்!