கணப்பு வீட்டைச் சூடாக்குவதில்லை

விறகு நெருப்பு இயற்கையானது, அதனால் உடம்புக்குக் கெடுதல் செய்யாது. சுவரோரக் கணப்பில் நாலு கட்டை எரிந்தால் வீடு சூடாகிவிடும். புகையைப் புகைபோக்கி பார்த்துக்கொள்ளும். குளிர்நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய நம்பிக்கை இது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கணப்புள்ள வீடு என்றால் இன்றும் பெருமை. ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன நீலகிரி பங்களாக்களோடு இந்த நம்பிக்கை நம் மலைகளுக்கும் ஏறி வந்தது. அந்த நெருப்பைக் காட்டித்தான் சில விடுதிகள் இன்று விருந்தினரை அழைக்கின்றன.

இந்த நம்பிக்கையில் எந்தப் பகுதியும் உண்மை இல்லை. பணத்தையும் மூச்சையும் சேர்த்தே பறிக்கும் ஒரு பழக்கத்தை அழகு என்று கொண்டாடுவதை நிறுத்த வேண்டும்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். திறந்த கணப்பின் முன் உட்கார்ந்தால் முகமும் முழங்காலும் சுடுகின்றன. அந்த அனலை வைத்து வீடே சூடாகிறது என்று முடிவுகட்டுகிறோம். ஆனால் எரியும் கட்டை அறைக்குள் அனுப்புவது அதன் வெப்பத்தில் சிறு பகுதிதான். பெரும்பகுதி சூடான புகையோடு மேலே போய்விடுகிறது. அது மட்டும் போவதில்லை, அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. திறந்த கணப்பு ஒன்று நிமிடத்துக்கு 300 கன அடி வரை அறைக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஏறக்குறைய எட்டரை கன மீட்டர். நாலு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறையின் காற்று முழுவதும் ஏழே நிமிடத்தில் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு, கதவடி, கூரைச் சந்து வழியாக வெளியிலிருந்து பனிக்காற்று நுழைகிறது. கணப்பறை கதகதப்பாக இருக்கும்போதே பின்கட்டுப் படுக்கையறை சில்லிட்டுப் போவது இதனால்தான். நெருப்பு அவிந்த பிறகும் புகைபோக்கியின் வாயைத் திறந்தே விட்டால், விடியும்வரை வீட்டுச் சூடு அதன் வழியே கசிகிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1744-இல் தம் பென்சில்வேனியா அடுப்பை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். திறந்த கணப்பு வெப்பத்தை வீணாக்குகிறது என்பதே அவருடைய வாதம். 1790-களில் லண்டனில் ரம்ஃபோர்டு பிரபு கணப்பின் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்து அனல் அறைக்குள் திரும்பச் செய்தார், புகை ஏறும் தொண்டையை ஒடுக்கினார். அப்போதே தெரிந்த குறையை இன்றும் பாரம்பரியம் என்று தலையில் தூக்கிவைத்திருக்கிறோம்.

அடுத்து, புகைபோக்கி காப்பாற்றும் என்ற வாதம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. காற்று அசையவில்லை, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்க, கீழே குளிர்ந்த காற்று சிக்கிக்கொண்டது. லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகை, ஆலைப் புகையோடு கலந்து தெருவிலேயே தங்கியது. நாலாயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைப் பன்னிரண்டாயிரம் வரை கொண்டுபோயின. அந்தக் கணப்புகள் எல்லாவற்றுக்கும் புகைபோக்கி இருந்தது. என் வீட்டுப் புகை உன் வீட்டுக்கும் உன் வீட்டுப் புகை என் வீட்டுக்கும் வந்தது, அவ்வளவுதான். அந்தச் சாவுகளின் பிறகுதான் 1956-இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது.

அது நிலக்கரி, இது விறகுதானே என்பார்கள். விறகுப் புகையில் இருப்பது 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள். நுரையீரலின் கடைசி அறைவரை போய் இரத்தத்திலும் கலக்கக் கூடியது. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-இல் வகைப்படுத்தியது. கண்ணாடிக் கதவு போட்ட புது விறகடுப்பு வைத்திருப்பவர்களும் நிம்மதி அடைய முடியாது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 19 வீடுகளில் காற்றை அளந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இது: அடுப்பு எரியும் நேரத்தில் வீட்டுக்குள் நுண்துகள் மூன்று மடங்காகிறது, கட்டை போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் பாய்கிறது. புதிய தரவிதிக்கு உட்பட்ட அடுப்புகூட எரிவாயு வெப்பமூட்டியைப் போல 450 மடங்கு நுண்துகளைக் கக்குகிறது என்பதை இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2022 ஆண்டறிக்கை காட்டியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஐயம் வரவே கூடாது. விறகடுப்பு ஊதி ஊதிக் கண் எரிந்து, நாற்பது வயதில் மூச்சு வாங்கிய பெண்கள் இல்லாத கிராமம் ஏது? சமையலறைப் புகை பெண்களையும் குழந்தைகளையும் கொல்கிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னார்கள். ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்புத் தர 2016-இல் உஜ்வலா திட்டமே வந்தது. குடிசையில் எழுந்தால் அந்தப் புகை நோய். பளிங்கு பதித்த கணப்பில் எழுந்தால் அதே புகை அழகா? காசு கொடுத்து வாங்கிய புகைக்கு நுரையீரல் சலுகை காட்டாது. வேறு வழியில்லாமல் விறகு எரிப்பவர்மேல் எனக்குக் குறையில்லை. வேறு வெப்பம் கையில் இருந்தும், அழகுக்காக எரித்துத் தன் பிள்ளைக்கும் அடுத்த வீட்டு ஆஸ்துமா நோயாளிக்கும் அந்தப் புகையை ஊட்டுபவரைத்தான் கண்டிக்கிறேன்.

கரியடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். புகையே இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று நம்பி, மலையூர்களில் மூடிய அறைக்குள் தணலை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக அது ஒட்டிக்கொள்கிறது. தூங்கியவர் விழிப்பதில்லை. கொடைக்கானல் போன்ற ஊர்களிலிருந்து இப்படிப்பட்ட சாவுச் செய்திகள் வந்தும் பழக்கம் நிற்கவில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது, கட்டணம் கட்ட முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்விகள் நியாயமானவை. அதற்குப் பதில் திறந்த கணப்பு ஆகாது. கையில் இருக்கும் பணத்தை முதலில் கூரைக்கும் ஜன்னல் இடுக்குக்கும் செலவிடுங்கள். வெளியேறாத சூட்டுக்கு விறகு தேவையில்லை. மின்சாரம் நம்பகமாகக் கிடைக்கும் இடத்தில், வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் தருகிறது. விறகுதான் கதி என்றால், கணப்புக்குள் மூடிய இரும்படுப்பைப் பொருத்துங்கள். நல்ல அடுப்பு விறகின் வெப்பத்தில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குத் தரும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து தனிக்குழாயில் வரட்டும். இல்லாவிட்டால் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி, புகைபோக்கியில் ஏறும் புகையை வீட்டுக்குள் திருப்பி இழுக்கும்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெட்டிய புதுமரத்தில் பாதி எடை தண்ணீர்தான். அந்த ஈரம் நெருப்பைக் குளிர்விக்க, எரிந்திருக்க வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையும் தாருமாக மாறுகின்றன. புகைபோக்கிக்குள் படிந்து ஒருநாள் தீப்பிடிப்பது அந்தத் தார்தான். ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள விறகைச் சிறு கட்டுகளாக விற்க இங்கிலாந்து 2021-இல் தடை போட்டது. இரவெல்லாம் கனன்று புகையும்படி காற்றை அடைக்காதீர்கள். சிறு நெருப்பைச் சூடாக எரித்து முடியுங்கள். ஆண்டுக்கொருமுறை புகைபோக்கியைத் துடைக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் எந்த நெருப்பும் வேண்டாம்.

அறைக்குள் நெருப்பு மூட்டிக்கொடுக்கும் விடுதிக்கு அந்தக் கருவியையும் மூடிய அடுப்பையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். படுக்கையறைக்குள் கரியடுப்பு கொடுப்பதை முற்றிலும் தடைசெய்ய வேண்டும். வேறு வெப்பம் இருக்கும் வீட்டுக்காரர் புகைபோக்கியின் வாயை அடைத்துவிடலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் குளிர்காலத்திலேயே செய்யலாம்.