பக்காவின் ஊரில் மங்கு ராம் இல்லையா?

கல்லூரி இரண்டாம் ஆண்டில் முல்க்ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' எங்களுக்குப் பாடம். கிணற்று மேடையில் ஏறக்கூடாத சோகினி, யாராவது தண்ணீர் ஊற்றமாட்டார்களா என்று குடத்தோடு காத்திருக்கும் இடத்தை ஆசிரியர் உருக்கமாக வாசித்தார். முடித்ததும் "எவ்வளவு பாவம் பாருங்கள்" என்றார். இரண்டு மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. என் சாதி அவர்களுக்குத் தெரியும். உதவித்தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில்தானே ஒட்டியிருந்தார்கள்.

திரும்பிய தலைகளுக்கு நாவல் பொறுப்பல்ல. ஆனால் அந்தப் "பாவம்" நாவலுக்குள்ளேயே இருப்பதை மறுபடி படித்தபோதுதான் கண்டேன்.

1935-இல் மலம் அள்ளும் 18 வயது இளைஞனை நாயகனாக்கி ஆங்கிலத்தில் எழுதத் துணிச்சல் வேண்டும், சரி. அந்த நாயகன் என்ன செய்கிறான்? தங்கையிடம் பூசாரி அத்துமீறிவிட்டு, அவனே "தீட்டு" என்று கத்துகிறான். பக்கா பல்லைக் கடித்து நிற்கிறான். கடைவீதியில் அறை வாங்கி வந்தால் அப்பா லக்கா, அவர்கள் நம் எசமானர்கள் என்று சமாதானம் சொல்கிறார். கடைசிப் பக்கங்களில் தீர்வுகள் வரிசைகட்டி வருகின்றன. ஒரு பாதிரியார் ஏசுவைத் தருகிறார். காந்தி தீண்டாமையைப் பாவம் என்கிறார். கூடவே குடிக்காதே, செத்த மாட்டைத் தின்னாதே என்று நமக்குப் புத்தியும் சொல்கிறார். ஒரு கவிஞர், ஃபிளஷ் கழிப்பறை வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறார். மூவரும் வெளியாட்கள். பக்கா கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான்.

ஃபிளஷ் வந்தேவிட்டது, கவிஞரே. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் இறங்கி விஷவாயுவில் சாவது யார்?

"அந்தக் காலம் அப்படி" என்பார்கள். எந்தக் காலம்? கதை நடக்கும் அதே பஞ்சாபில் 1926-லேயே மங்கு ராம், நாங்கள் இந்துக்கள் அல்ல, இந்த மண்ணின் ஆதிகுடிகள் என்று ஆத் தர்ம் இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் மதத்தை 'ஆத் தர்ம்' என்று பதிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோல் தொழில் செய்த சமார்கள், பக்காவின் சமூகம் அல்ல என்று யாராவது திருத்த வரலாம். பக்காவின் நெருங்கிய நண்பன் சோட்டா தோல் தொழிலாளியின் மகன்தானே! அவன் காதில்கூடவா அந்தப் பேச்சு விழவில்லை? தனித்தொகுதியைப் பிரித்தாளும் சூழ்ச்சி என்று காந்தி பேச நாவலில் இடம் இருக்கிறது. அதைப் போராடிப் பெற்ற அம்பேத்கருக்கு இடமில்லை.

துப்புரவுச் சமூகத்திலேயே பிறந்த ஓம்பிரகாஷ் வால்மீகி 1997-இல் 'ஜூட்டன்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். பள்ளியில் மகனைப் பெருக்க விட்டிருப்பதைக் கண்ட அவர் அப்பா, விளக்குமாற்றைப் பிடுங்கி வீசிவிட்டுத் தலைமையாசிரியரோடு சண்டைக்குப் போகிறார். அந்த அப்பாவைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் அவர் இல்லை, லக்காதான் இருந்தார்.

அந்தப் பருவத் தேர்வில் ஒரு கேள்வி: காந்தியின் உரை பக்காவிடம் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக. 10 மதிப்பெண். மங்கு ராமைப் பற்றி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்போது எனக்கும் அவரைத் தெரியாது.