வாவிக்கு இருபுறமும் ஒரு கோப்பு
ஒரே குடும்பத்துக் கட்டளைவரி நிரல்கள் ஓர் அமைப்புக் கோப்பையே பகிர்வது நல்லதா என்ற வழக்கில் இலங்கையின் கடிகாரத்தைச் சாட்சிக்கு அழைக்கலாம். 1996 மே மாதம் அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தது. 2006 ஏப்ரல் 15இல், உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்கே திரும்பியது. லினக்ஸில் ‘டேட்’, ‘எல்எஸ்’, ‘க்ரான்’ ஆகிய நிரல்கள் எல்லாம் நேரவலயத்தை ஒரே கோப்பில் படிக்கின்றன. கடிகாரம் மாறும் ஒவ்வொரு முறையும் அதை மட்டும் திருத்தினால் போதும். அதில் பிழை வந்தால் எல்லாமே கெடுமே என்பார்கள். கெடும்தான். ஆனால் எல்லாவற்றிலும் தெரியும் பிழை அன்றே பிடிபடும். இரண்டு நிரல்கள் அரை மணி முரண்படுவதுதான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு மட்டக்களப்பில் இருக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பெரும்பகுதி அன்று அவர்கள் கையில். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் அரச நேரம், அக்கரையில் பழைய நேரம். ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே நேரவலயப் பதிவு இரு கரைக்கும் பேச முடியாது. அதற்காகப் பொதுக்கோப்பைக் கைவிட வேண்டியதில்லை: ‘டிஇசட்’ என்ற சூழல் மாறி அந்தந்தக் கட்டளைக்கு மட்டும் வேறு வலயம் தரும். நேரம் போன்ற பொது உண்மை பொதுக்கோப்பில் இருக்கட்டும். நிறம், திகதி வடிவம் போன்ற ரசனைகள் அவரவர் கோப்பில். ஒரு செலவை மட்டும் மறைக்கக்கூடாது: தொடர்ந்து ஓடும் நிரல்கள் பல, தொடக்கத்தில் படித்ததையே பிடித்துக்கொண்டிருக்கும், அவற்றை மீளத் தொடக்க வேண்டும்.